மாமியாருக்கு ஏசி போட்ட மருமகன்

"தலமாட்ட உள்ள விடுங்க... மெதுவா, மெதுவா! நெலையில இடிக்குது பாருங்க!"

பேச்சியம்மா போட்ட சத்தத்தில் மலர்ச்சாலைக்காரர்கள் சவப்பெட்டியைப் பிடித்தபடி சின்ன அறையின் வாசலில் நின்றுவிட்டார்கள். கால்மாட்டைப் பிடித்திருந்தவன் அழகையா. பெட்டிக்குள் இருந்தது அவனுடைய மாமியார் மூக்காயி. பெட்டி அந்த வாசலுக்குள் நுழையாமல் போகட்டும் என்று அவன் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். நல்ல மருமகன்தான், என்ன செய்வது!

"சின்னத்த, முன்னால ஹோல்லயே வச்சிரலாமே. வந்து போற சனத்துக்கும் வசதியா இருக்கும்" என்றான்.

"என்னா மாப்புள பேசுறீங்க? இந்த வெயில்ல ஹோல்லயா? கத்தார்ல இருந்து மவன் சின்னமுத்து வந்து மொகம் பாக்குறதுக்கு நாளைக்கு விடிஞ்சிரும். ஏசி ரூம் இருக்கையில எதுக்கு ஹோலு?"

பேச்சியம்மா மூக்காயியின் தங்கை. ஹுன்னஸ்கிரிய மலையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தவள், சேதி கேட்டதும் ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு குண்டசாலைக்கு இறங்கிவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் செத்தவளைப் பார்த்து அழுத கையோடு அடுத்துத் தேடியது அந்த ஏசியைத்தான். தோட்டம் முழுக்கப் பேசப்பட்ட ஏசி அல்லவா!

பெட்டி ஒருவழியாகச் சரிந்து உள்ளே போனது. தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். சித்திரைக்கு முந்திய வெயில் கூரைத் தகட்டை வறுத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் கால் வைத்ததுமே எல்லோருக்கும் வேர்த்தது.

"போடுங்க மாப்புள" என்றாள் பேச்சியம்மா, சுவரின் உச்சியிலிருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி.

அழகையா தரையைப் பார்த்தான். "ஓடாது சின்னத்த. பழுது."

"பழுதா? ஏசி திருத்துற பாஸ் வீட்டுலயே பழுதா?"

கூட்டத்தில் யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்புக்கா பஞ்சம்? அழகையாவின் மனைவி பாலம்மா, தாயின் கால்மாட்டில் சுருண்டு கிடந்தவள், தலையைத் தூக்காமலேயே பதில் சொன்னாள்.

"அவரு நல்லாத்தான் மாட்டிக் குடுத்தாரு சின்னம்மா. அம்மாதான் ரிமோட்ட கண்டபடி அமுக்கி கெடுத்துருச்சு."

"அதானே பாத்தேன்" என்றாள் பேச்சியம்மா. "அக்காவுக்கு எதத் தொட்டாலும் ஒடைக்கிற கை."

அத்தனை பேரும் பெட்டிக்குள் கிடந்த மூக்காயியை ஒரு மாதிரி பார்த்தார்கள். மூக்காயி வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

உயிரோடு இருந்தபோதும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். மருமகன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அவன் வீட்டுக்குள் வந்தால் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு குசினி அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிடுவாள். கேட்க வேண்டியதையெல்லாம் மகள் வழியாகத்தான் கேட்பாள். அழகையா கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் உட்கார்ந்திருப்பான். "மாப்புள சாப்புட்டாச்சான்னு கேளு" என்பாள். பாலம்மா திரும்பி, "அம்மா சாப்புட்டாச்சான்னு கேக்குது" என்பாள். அவனும் "ஆச்சுன்னு சொல்லு" என்பான். மூன்று பேருக்கும் அது பழகிப்போயிருந்தது. மழை இருட்டிக்கொண்டு வரும் நாட்களில், "மாப்புளய நனையாம வரச் சொல்லு" என்று மகளிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்வாள்.

புருஷன் போன பிறகும் மலையில்தான் இருந்தாள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் பாலம்மா அழுது பிடித்துக் கீழே கூட்டி வந்தாள். பிறந்ததிலிருந்து பனியும் குளிருமாக வாழ்ந்த உடம்பு குண்டசாலைச் சூட்டில் வதங்கிவிட்டது. நெஞ்சைப் பார்த்த டாக்டர், சூடு இவங்களுக்கு ஆகாது, குளுமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அழகையா அடுத்த வாரமே கண்டியில் ஒரு ஹோட்டலில் கழற்றிய ஏசி ஒன்றைக் கொண்டுவந்து, துடைத்து, காஸ் அடித்து, மாமியாரின் அறையில் மாட்டினான். மனசாரத்தான் செய்தான். அதில் பொய்யில்லை. ஆனால் செய்ததைப் படம் பிடித்து மச்சான் சின்னமுத்துவுக்கு அனுப்பினான், தோட்டத்துச் சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பினான். 'மாமியாருக்கு ஏசி போட்ட மருமகன்' என்று மலை முழுக்கப் பேரானது. கோயில் திருவிழாவுக்குப் போனபோது தோட்டத் தலைவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அது அவனுக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

பிறகு மாசி முடிந்து வெயில் ஏறியது. கண்டியில் எந்த ஏசியும் அந்த மாதத்தில்தான் மக்கர் பண்ணும். ஹோட்டல், கடை, கிளினிக் என்று அழகையாவின் போன் ஓயவில்லை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் பாலம்மா, "அம்மா ரூம்ல காத்துதான் வருதாம், குளிரு வரலயாம்" என்றாள். சாப்பிட்ட கையோடு போய் ரிமோட்டைப் பார்த்தான். வெறும் காற்று வருகிற பொத்தானில் கிடந்தது. "இத யாரு இதுல போட்டா?" என்றான். மூக்காயி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவன் மாற்றிப் போட்டான். கொஞ்ச நேரம் ஜில்லென்று வந்தது. "பாத்தியா? இனிமே கை வைக்க வேணாம்னு சொல்லு" என்று போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாளும். நாள் முழுக்க அடுத்தவன் ஏசியோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு எரிச்சல் வராதா? வந்தது. குரலை உயர்த்தி, அறைக்குள் கேட்கும்படியாகவே சொன்னான்.

"தெரியாத சாமான்ல எதுக்கு கை வைக்கணும்? லயத்துல இருந்த பழக்கம்! கெடுத்தாச்சு. இனி அது எனக்கு நேரம் வரும்போதுதான்."

ரிமோட்டை எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டான். பிரேக்கரையும் இறக்கிவிட்டான். பாலம்மாவுக்குப் புருஷன் முன்னால் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கோபத்தைத் தாய் மேல் காட்டினாள். "அவரு பொருள்ல கை வைக்காதன்னு சொன்னா கேக்குறியா? என் மானத்த வாங்குறியே" என்று கத்தினாள். போனில் தம்பியிடமும் சொல்லி அழுதாள். மூக்காயி அன்றிலிருந்து பின்கதவு வாசலில், காற்று வருகிற இடமாகப் பார்த்துப் பாயைப் போட்டுக்கொண்டாள். நேற்று மத்தியானம் பாலம்மா சோறு போட்டுக் கூப்பிட்டபோது அந்தப் பாயிலிருந்துதான் எழுந்திருக்கவில்லை.

அப்போது அழகையா கண்டியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏணி மேல் நின்று ஏசி கழுவிக்கொண்டிருந்தான்.

இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவனின் போன் அடித்தது. அறையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அழகையா பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினான். வத்தேகமயில் மருந்துக் கடை வைத்திருக்கும் மக்கீன்.

"அழகையா, ஏசி ஓடுது, கூல் இல்லயே. மருந்தெல்லாம் பழுதாகப் போகுது. எப்ப வருவீங்க?"

வீட்டில் சாவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மக்கீன் மன்னிப்புக் கேட்டு போனை வைத்திருப்பார். அழகையா சொல்லவில்லை. அந்த அறைக்குத் திரும்பிப் போவதைவிட இது லேசாக இருந்தது. தினமும் பத்துப் பேருக்குச் சொல்லுகிறதை வாய் தானாகவே சொல்லத் தொடங்கியது.

"மொதல்ல பிரேக்கர இறக்குங்க நானா. ரிமோட்ல மட்டும் நிப்பாட்டினா காணாது. ஈரக் கையோட தொட வேணாம். எரிஞ்ச மணம் ஏதும் வருதா?"

"இல்ல, இல்ல."

"வந்தா ஒண்ணும் செய்யாதீங்க, நான் வந்துதான் பாக்கணும். இல்லன்னா முன் மூடியத் தூக்கி உள்ள இருக்கிற வலைய கழட்டுங்க. தூசி பிடிச்சிருந்தா கழுவி, நல்லா காய வச்சுப் போடுங்க. உள்ளுக்கு வயர்ல கை வச்சிராதீங்க. ஐஸ் கட்டியிருந்தா கத்தியால சொரண்ட வேணாம், நிப்பாட்டி வச்சா தானா உருகிரும். அதுக்குப் பொறகு வெளியில போங்க. அவுட்டோர் பெட்டியப் பாருங்க. உள்ள இருக்கிற சூட்ட அதுதான் வெளிய தள்ளுது, அதுக்கு மூச்சு விட எடம் வேணும். முன்னால சாமான் அடுக்கியிருக்கா, இல கில ஒட்டியிருக்கா, யாரும் மழைக்கு எதையாச்சும் போட்டு மூடி..."

வாய் நின்றுவிட்டது.

"ஹலோ? அழகையா? மூடி?"

"பாருங்க நானா. பொறகு எடுக்குறேன்."

போனை இறக்கினான். தன் வீட்டு அவுட்டோர் பெட்டியைக் கடைசியாக எப்போது பார்த்தோம்? யோசித்துப் பார்த்தான். மாட்டிய அன்று. அன்றைக்கு அதன் திருகுகளை இறுக்கிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாலம்மா பின்கதவில் வந்து நின்று ஏதோ கேட்டாள். "மழையில நனைஞ்சா கெட்டுப் போவாதான்னு அம்மா கேக்குது." அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை ஆட்டினான். என்ன அர்த்தத்தில் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

பின்கதவைத் திறந்தான். மூக்காயியின் பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. அதைத் தாண்டி, வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கிப் போகிற அளவு சந்து. அந்தச் சந்தின் கடைசியில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பெட்டி இருந்தது.

அதன் மேல் படங்கு கட்டியிருந்தது.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், செடியின் பனி ஈரம் சேலையை நனைக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த சீட். மூக்காயியின் படங்கு. நாற்பது வருசம் மலையில் அவள் இடுப்பில் இருந்து கறுத்து மழுங்கியது. பெட்டியின் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் சுற்றி, மூலைகளை மடித்துச் செருகி, பழைய சேலைக் கரையைக் கிழித்த கயிற்றால் இறுக்கியிருந்தாள். இடுப்பில் போடுகிற அதே முடிச்சு. எவ்வளவு நேர்த்தி! மூச்சு விட ஒரு விரற்கடை இடமில்லை.

அழகையா அந்தச் சந்தில் அப்படியே குந்திவிட்டான். ஏசி படித்தவன் முதல் நாள் கற்கிற பாடம். உள்ளே குளிராவிட்டால் வெளியே போய்ப் பார். மூச்சு முட்டிய பெட்டி கொஞ்ச நேரம் குளிர் தரும், பிறகு கொதித்துப்போய் நின்றுவிடும், வெறும் காற்றுதான் வரும். அவள் என்ன செய்வாள் பாவம், ரிமோட்டில் உள்ளதையெல்லாம் அமுக்கித்தான் பார்த்திருப்பாள். ஊருக்குத்தான் உபதேசம். சொந்த வீட்டில் பத்து அடி நடந்து எட்டிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவனுக்குக் காது மடல் எரிந்தது. யாரும் பார்க்கிறார்களா என்றுதான் முதலில் நிமிர்ந்தான்.

பார்த்தார்கள். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ரபீகாவின் தலை தெரிந்தது. சாவு வீட்டுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள்.

"அத கழட்டவா வந்தீங்க?" என்றாள் இரக்கமாக. "மொதல்ல மழ வார நேரம் மட்டும்தான் ஓடி வந்து கட்டுவாங்க. மருமகன்ட சாமான் நனைஞ்சா பழுதாகிரும் எண்டு சொல்லுவாங்க. பொறகு மூச்சு வாங்குது, குனிஞ்சி குனிஞ்சி கழட்ட ஏலா எண்டு கட்டினபடியே உட்டுட்டாங்க. நீங்க சொல்லித்தான் கட்டுறாங்க எண்டு நான் நெனச்சேன்."

ரபீகா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன விளங்கியதோ, தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

பிறகு அவன் செய்ததெல்லாம் ஒழுங்கான வேலை. உள்ளே போய் பிரேக்கர் இறங்கித்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தான். முடிச்சை அவிழ்த்தான். படங்கைச் சுருட்டினான். பெட்டியின் தகட்டு வரிகளில் படிந்திருந்த தூசியைப் பிரஷால் மேலிருந்து கீழே இழுத்து, மெல்லத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். படங்கை எங்கே வைப்பது? வீட்டுக்குள் கொண்டுபோனால் கேட்பார்கள். சந்தின் மறுமுனையால் சுற்றிப் போய், தன் வேலை வேனின் பின்னால், ஸ்பேனர்கள் கிடந்த ஆயுதப் பைக்கு அடியில் திணித்துக் கதவைச் சாத்தினான். திருடிய சாமானை ஒளிப்பவனுக்குக்கூட அவ்வளவு பதற்றம் இருக்காது.

பிரேக்கரை ஏற்றிவிட்டு, அலுமாரிக்கு மேலிருந்து ரிமோட்டை எடுத்து, துடைத்து, அமுக்கினான். கொஞ்ச நேரத்தில் அறை ஜில்லென்று ஆனது. தலைமாட்டு விளக்கு காற்றில் ஆடியது. அது அணைந்துவிடக் கூடாதென்று காற்றை மேலே திருப்பிவிட்டான்.

"அடி ஆத்தே! பனி மாதிரி வருதே! என்னா மாப்புள செஞ்சீங்க?" என்றாள் பேச்சியம்மா.

"காஸ் கொஞ்சம் எறங்கி இருந்துச்சு."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"சாவு வீட்டுலயும் மாமியாளுக்குன்னு ஓடி ஓடி செய்யிறாரு பாரு" என்றார் ஒரு பெரியவர். "பெத்த மவனா இருந்தாலும் இப்புடி செய்வானா?"

பாலம்மா எழுந்து உட்கார்ந்தாள். குளிர்காற்று தாயின் நரை முடியை லேசாக அசைப்பதைப் பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. பேச்சியம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"மலையவிட்டு எறங்கி வந்த மாதரசி - என்னப் பெத்த அம்மா
மாப்புள மாட்டித் தந்த குளுருபொட்டி
மாத்தி நீ அமுக்கி வச்சு - என்னப் பெத்த அம்மா
மண்ணாக்கிப் போட்டுட்டு மண்ணுக்கே போனியே!"

"மண்ணாக்கிப் போட்டுட்டு மண்ணுக்கே போனியே" என்று பெண்கள் வாங்கிப் பாடினார்கள். பேச்சியம்மா மாரில் அடித்துக்கொண்டு அதையே இன்னொரு முறை இழுத்தாள். புதிதாக யார் வந்தாலும் வாசலில் கட்டி அழும்போது அந்த அடி வந்தது. வத்தேகமயிலிருந்து வந்தவர்களுக்கும் பாடினார்கள், கண்டியிலிருந்து வந்தவர்களுக்கும் பாடினார்கள். பொழுது சாய்வதற்குள் மூக்காயி ஏசியைக் கெடுத்த கதை ஊரறிந்த ஒப்பாரியாகிவிட்டது. அழகையா வெளியே கொட்டகையில் கதிரைகளை அடுக்கினான், பிறகு அடுக்கியதைப் பிரித்துப் போட்டான். எங்கே போய் நின்றாலும் அந்த அடி காதில் விழுந்தது.

சின்னமுத்து மறுநாள் காலையில் வந்தான். கட்டுநாயக்கவிலிருந்து வேனில் வந்தவன், பையை முற்றத்தில் போட்டுவிட்டு நேரே அறைக்குள் ஓடினான். தாயின் முகத்தைப் பார்த்ததும் பெட்டியின் விளிம்பில் தலையை மோதிக்கொண்டான்.

"அம்மா! ஒன்னத் திட்டினேனே ம்மா! கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியான்னு கேட்டேனே! கடைசியா பேசுனது அதுதானே ம்மா!"

பாலம்மா தம்பியைப் பிடித்துத் தூக்கினாள். "நான்தாண்டா சொன்னேன். நான்தான் ஒங்கிட்ட சொன்னேன்."

"அது ஒண்ணுமே சொல்லலக்கா. சரி சாமி, நான் இனி தொட மாட்டேன்னு மட்டும்தான் சொன்னுச்சு."

கதவோரம் நின்ற அழகையா ஓர் அடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். "சின்னமுத்து" என்றான். சின்னமுத்து திரும்பி, ஓடி வந்து, அவனைக் கட்டிக்கொண்டான். "மச்சான், நீங்க எங்கம்மாவ ராணி மாதிரி வச்சிருந்தீங்க. நாந்தான் பாவி" என்று அவன் தோளில் அழுதான். மச்சானின் கண்ணீர் சட்டையை நனைத்தது. அழகையா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டிச் சடங்கு முடித்து, கோடிச் சேலை போர்த்தினார்கள். வாய்க்கரிசி போடுவதற்கு முன்னால் பேச்சியம்மா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள்.

"இருங்க. அக்காவோட படங்க எடுத்துட்டு வா பாலம்மா. கூட வைக்கணும்."

"படங்கா?"

"ஆமாடி. வயசாயிருச்சுன்னு தோட்டத்துல பேரு வெட்டுனப்போ கூடைய குடுத்துட்டா, படங்க மட்டும் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டா. செத்தா இத எனக்கு கட்டி விடுடின்னு எங்கிட்டயே சொல்லியிருக்கா. அங்கிட்டும் பனிதானே இருக்கும்பா."

பாலம்மா தேடினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், தாயின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள், துணி மூட்டையை உதறினாள். சின்னமுத்து அலுமாரியை நகர்த்தினான். தோட்டத்துப் பெண்கள் ஆளுக்கொரு மூலையில் கிளறினார்கள். "அதயும் எங்கயாச்சும் தொலைச்சிருப்பா" என்றாள் ஒருத்தி.

அப்போது ரபீகா பிளேன்டீ கேத்தலோடு அறை வாசலுக்கு வந்தாள். "என்ன தேடுறாங்க?" என்று கேட்டாள். "அம்மாவோட படங்கு" என்றாள் பாலம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இடுப்புல கட்டுற சீட்டு. நீங்க எங்கயும் பாத்தீங்களா?"

ரபீகாவின் வாய் திறந்தது. கண் அழகையாவிடம் போயிற்று. ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கோப்பைகளில் டீயை ஊற்றத் தொடங்கினாள். "தேடிப் பாருங்க புள்ள" என்றாள் மெதுவாக.

அவள் சொல்ல மாட்டாள். என்றைக்கும் சொல்ல மாட்டாள் என்பது அழகையாவுக்குத் தெரிந்தது. தப்பித்தாயிற்று. அந்த நிம்மதி தனக்கு வந்ததே, அதை நினைத்தபோதுதான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு நாளாக இல்லாத கூச்சம். பக்கத்து வீட்டுக்காரி தன் மானத்தைக் காக்கக் குனிந்து டீ ஊற்றுகிறாள். பெட்டிக்குள் கிடப்பவள் பழியோடு போகப் போகிறாள்.

வெளியே போனான். வேன் கதவைத் திறந்து, ஆயுதப் பையைத் தள்ளிவிட்டு, படங்கை எடுத்தான். கொட்டகையில் இருந்த ஆண்களெல்லாம் பார்த்தார்கள். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அறைக்குள் வந்தான்.

"எங்க இருந்துச்சு மாப்புள?" என்றாள் பேச்சியம்மா.

"வேன்ல. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவன் பாலம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"அத்த ஒண்ணும் கெடுக்கல. மழையில நனையக் கூடாதுன்னு வெளிப் பெட்டி மேல இத கட்டியிருந்தாங்க. மூடியிருந்தா குளிரு வராது. நான் பின்னால போயி ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல. பாக்காமத்தான் அவங்க மேல பழியப் போட்டேன்."

"காஸ் எறங்கினதுன்னு நேத்து சொன்னீங்களே?" என்றாள் பேச்சியம்மா.

"பொய்."

சின்னமுத்து சட்டையைப் பிடித்து உலுக்குவான் என்று அழகையா எதிர்பார்த்தான். பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். சின்னமுத்து சுவரில் சாய்ந்து கீழே வழுக்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். நேற்று 'ஒடைக்கிற கை' என்று சொன்ன பேச்சியம்மா எங்கோ பார்த்தாள். மேலே ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

பாலம்மா வந்து அவன் கையிலிருந்து படங்கை வாங்கினாள். விரித்தாள். உள்பக்கத்தில், ஏசி வெளிப் பெட்டியின் வலைக்கம்பி வட்டம் வட்டமாகத் தூசியில் பதிந்திருந்தது. அதன் மேல் விரலை வைத்து ஒரு வட்டத்தைத் தடவினாள். "அழுக்கா இருக்கு, கழுவிட்டு வைக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கோடிச் சேலைக்கு மேலே, தாயின் இடுப்பைச் சுற்றி அதைப் போர்த்தி, அதே சேலைக் கரைக் கயிற்றால் கட்டினாள். முடிச்சு சரியாக வரவில்லை. பேச்சியம்மா குனிந்து போட்டுக் கொடுத்தாள்.

பெட்டியை எடுக்கும்போது பெண்கள் அழுதார்கள். பாலம்மாவும் அழுதாள். ஆனால் அவள் பாடவில்லை.

ஹுன்னஸ்கிரிய மலையில், லயங்களுக்கு மேலே இருக்கும் தோட்டத்து மயானத்தில் அடக்கம். தப்பு அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். பெட்டியைத் தூக்க அழகையா தோள் கொடுத்தான். ஒருவரும் வேண்டாமென்று சொல்லவில்லை, இந்தப் பக்கம் வாருங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிடவுமில்லை. தலைவர் அவனைத் தாண்டிப் போய்ச் சின்னமுத்துவின் கையைப் பிடித்தார். குழிக்குள் மூன்று பிடி மண் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

குண்டசாலைக்குத் திரும்பும்போது வானம் கறுத்திருந்தது. முற்றத்துக் குழாயில் தலை முழுகிவிட்டு, சின்னமுத்து ஈர வேட்டியோடு உள்ளே போனான். அழகையாவுக்கு வாசலில் கால் வைக்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிச் சந்துக்குள் போனான்.

மழை பிடித்தது. கோடை மழை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. அறையில் ஏசியை யாரும் அணைக்கவில்லை. வெளிப் பெட்டியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மழை அதன் மேல் விழுந்து தெறித்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மழையில் நனைந்துகொண்டே ஓடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. போனைக் காதிலிருந்து எடுத்துச் சொல்லியிருந்தால்?

குசினி ஜன்னல் அவன் தலைக்கு நேராகத் திறந்திருந்தது. உள்ளே பாலம்மா நின்றாள். அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். அவள் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"முத்து" என்றாள் உள்பக்கம் பார்த்து. "ஒங்க மச்சான நனையாம உள்ள வரச் சொல்லுடா."

சின்னமுத்து பின்கதவில் வந்து நின்றான். "மச்சான்..." என்று தொடங்கினான். அவள் சொன்னது அழகையாவுக்குக் கேட்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

அழகையா நகரவில்லை. மழை வெளிப் பெட்டியின் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.